பேசியாயிற்று என்று போட்ட குறி

ஆகஸ்ட் 10, சனி

எட்டு மணிக்கே வெயில் முதுகில் ஏறிவிட்டது. இன்றுதான் என் பதினான்கு பெண்களையும் முதன்முதலாகப் பார்த்தேன். எல்லோருக்கும் பதினெட்டு வயது. எல்லோர் கையிலும் குட்டி மின்விசிறி, பையில் மாற்றுச் செருப்பு. இந்த ஒரு வாரமும் இவர்களைச் சங்க வீடுகளுக்கு, அதாவது பல்கலைக்கழக மாணவிகள் சங்கம் சங்கமாகச் சேர்ந்து வாழும் வீடுகளுக்கு, கூட்டிப்போய், வாசலில் காத்திருந்து, அழுதால் கண்ணைத் துடைத்துத் திரும்பக் கூட்டிவருவது என் வேலை. வழிகாட்டி என்று பெயர். எந்த வீடு யாரை எடுக்கும் என்பதில் எனக்குப் பங்கு கிடையாது. நான் எந்த வீட்டைச் சேர்ந்தவள் என்று இவர்களுக்குத் தெரியவும் கூடாது. அதற்காகத்தான் நேற்றே எங்கள் சங்க வீட்டைக் காலி செய்துவிட்டு விடுதி அறைக்கு வந்தேன். லாரல் மூன்று வருடமாக என் அறைத்தோழி. இந்த வருடம் எங்கள் வீட்டுச் சேர்க்கைக்குப் பொறுப்பே அவள்தான். அவளைத் தெருவில் பார்த்தால்கூட நான் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும்.

பதினான்கு பேரில் ஒருத்தி, டார்பி ஹக்கபி, ஒவ்வொருவரிடமும் போய்க் கைகுலுக்கித் தன் பெயரைச் சொன்னாள். வண்டி விற்க வந்தவர் மாதிரி. தெற்கே இரண்டு மணி நேரத் தூரத்தில் அவள் ஊர். ஒரு பெரிய பை நிறைய வேகவைத்த நிலக்கடலை கொண்டுவந்திருந்தாள். வெள்ளை உடையில் நின்றுகொண்டு யார் அதைத் தொடுவார்கள்? நான் தொட்டேன். அவளுக்குச் சந்தோஷம்.

ஆகஸ்ட் 12, திங்கள்

முதல் கழிப்பு, அதாவது வீடுகள் தங்களுக்கு வேண்டாத பெண்களை விலக்குகிற நாள். காலையில் ஒவ்வொருத்திக்கும், அவளை இன்னும் அழைக்கிற வீடுகளின் புதுப் பட்டியல் கொடுத்தேன். மூன்று பேர் குளியலறையில் போய்ப் பூட்டிக்கொண்டார்கள். கதவுக்கு இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்து பேசிப் பேசியே மூன்று பேரையும் வெளியே கொண்டுவந்தேன். பல்கலைக்கழகத்தில் இதையெல்லாம் நடத்துகிற மிஸ் ஆட்ரா என்னைத் தனியாக அழைத்து, இந்த வேலைக்கென்றே பிறந்தவள் நீ என்றார். இல்லை மேடம் என்று சொல்லிவிட்டு, நாளெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

டார்பியின் பட்டியல் ஆறாகக் குறைந்திருந்தது. அழவில்லை. நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து அம்மாவைக் கூப்பிட்டாள். நடுவில் போனை என்னிடம் நீட்டிவிட்டாள். அவள் அம்மா டான்யா, பல் மருத்துவர் ஒருவரிடம் வரவேற்பில் வேலை செய்கிறவராம். டார்பி சாப்பிடுகிறாளா, தண்ணீர் குடிக்கிறாளா என்று கேட்டார். பிறகு, "ஒரு நல்ல பொண்ணு கைல அவ இருக்கான்னு தெரிஞ்சா எனக்குத் தூக்கம் வரும்மா" என்றார்.

ஆகஸ்ட் 14, புதன்

மழை. பதினான்கு பேருக்கும் பிடிக்க என்னிடம் மூன்று குடை.

ஆகஸ்ட் 16, வெள்ளி

டார்பிக்கு மிஞ்சியவை இரண்டு வீடுகள். அதில் ஒன்று எங்களுடையது. பட்டியலைக் கொடுக்கும்போது முகத்தில் ஒன்றும் காட்டாமல் இருக்கப் படாத பாடு பட்டேன்.

முடிவு தெரியும் ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அம்மா அப்பா வருகிறார்கள். அப்பா ராண்டல், பள்ளிப் பேருந்துகளைப் பழுது பார்க்கிறவர். பள்ளி திறந்த முதல் வாரம், வேலை தலைக்குமேல் இருக்கிறதாம், அப்படியும் வருகிறாராம். அம்மா ஒரு பலகை எழுதிக்கொண்டிருக்கிறாராம். எந்த வீடு என்று தெரியாததால் மகள் பெயரை மட்டும் பெரிதாக எழுதிவிட்டு, கீழே இடம் விட்டிருக்கிறாராம்.

ஆகஸ்ட் 17, சனி

கடைசிச் சந்திப்பு முடிந்தது. முடிந்த கையோடு பெண்கள் வரிசையில் வந்து அட்டை நிரப்ப வேண்டும். மிஞ்சிய இரண்டு வீடுகளையும் விருப்ப வரிசையில் எழுதிவிட்டால், இரண்டில் ஒன்று கட்டாயம் எடுத்துக்கொள்ளும். ஒன்றை மட்டும் எழுதினால் கிடைத்தாலும் கிடைக்கும், இல்லாமலும் போகும். இரண்டையும் எழுதச் சொல் என்பதுதான் எங்களுக்குப் பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொன்னது.

டார்பி பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த வீட்டில் லாரல் என்று ஒரு பெண், என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள் என்றாள். லாரல் எல்லோர் கையையும் பிடித்துக்கொண்டுதான் அழுவாள். அதைச் சொல்ல முடியுமா? இரண்டையும் எழுது என்று ஆரம்பித்தேன். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஹாலிஸ், நீங்க அந்த வீடுதானே?" என்றாள்.

சிரித்தேன்.

இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. சிரித்தேன், அவ்வளவுதான். அவள் ஒரே ஒரு பெயரை எழுதி அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். என்னைப் பிடித்துப்போய் ஒருத்தி என் வீட்டை எழுதுகிறாள் — அந்த நேரத்தில் எனக்கு அது இனிக்கத்தான் செய்தது. இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது.

ஆகஸ்ட் 18, ஞாயிறு, காலை 8.40

ஏழு மணிக்கு மிஸ் ஆட்ரா பட்டியல் கொடுத்தார். அழைப்புக் கிடைக்காதவர்களை ஒன்பதுக்குள் நாங்களே கூப்பிட்டுச் சொல்லிவிட வேண்டும், அழைப்பு உறை பிரிக்கும் விழாவுக்கென்று மைதானத்துக்கு வந்து அவமானப்படக் கூடாதே என்று. என் குழுவில் இரண்டு பேர். முதல் பெண்ணிடம் பேசினேன். இருபது நிமிடம். அவள் அழுகை நின்றதும் அவள் அம்மா போனை வாங்கி என்னைத் திட்டினார்.

இரண்டாவது பெயர் டார்பி.

கூப்பிட்டேன். இரண்டு முறை மணி அடித்ததும் துண்டித்துவிட்டேன். உடனே செய்தி வந்தது: "உங்க பேரைப் பாத்ததும் உயிரே போயிடுச்சு. கை தவறித்தானே பட்டுது? அம்மா அப்பா கிளம்பியாச்சு, பாதி வழி வந்துட்டாங்க." அந்தச் சமயம் பார்த்து மிஸ் ஆட்ரா தாளோடு வந்து, ரெண்டு பேர்கிட்டயும் பேசியாச்சா என்றார். பேசியாச்சு மேடம் என்றேன். குறி போடச் சொன்னார். போட்டேன். ‘பேசியாயிற்று’ என்ற கட்டத்தில், டார்பி ஹக்கபி என்ற பெயருக்கு நேராக, என் கையால்.

டார்பிக்கு ‘ஆமா’ என்று பதில் அனுப்பினேன். ஐந்து நிமிடம் கிடைக்கட்டும் என்றுதான். இதை எழுதி முடித்ததும் கூப்பிடுகிறேன்.

ஆகஸ்ட் 18, மாலை

கூப்பிடவில்லை.

எழுதிவிட வேண்டும். வேறு யாரிடம் சொல்வது?

எழுதி முடித்ததும் தலை சீவப் போனேன். பிறகு பேருந்துக்கு நேரமாகிவிட்டது. பேருந்தில் எல்லோரும் பாடிக்கொண்டிருந்தார்கள், அங்கிருந்து எப்படிப் பேசுவது என்று ஒரு காரணம் கிடைத்தது. மைதானத்தில் போட்டிருந்த நாற்காலி வரிசைகளில் பெண்கள் வந்து உட்கார ஆரம்பித்தார்கள். எந்த வீடு அழைக்கிறது என்று எழுதிய தன் உறைமேல் தானே உட்கார்ந்திருந்து, ஒலிபெருக்கியில் எண்ணி முடித்ததும் எல்லோரும் ஒன்றாகப் பிரிப்பது வழக்கம். என் கையில் பன்னிரண்டு உறைகள். முதல் பெண் வரவில்லை. டார்பி வந்தாள். வெள்ளை உடை, சுருட்டிவிட்ட முடி. பார்வையாளர் படிகளைப் பார்த்துக் கையசைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

அப்போதாவது கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப் போயிருக்கலாம். இருபது தப்படி கூட இருக்காது. பன்னிரண்டு உறைகளையும் கொடுத்தேன். அவள் கையை நீட்டினாள். "உன்னோடது மேஜைல இருக்கும், பாத்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போய், காலி அட்டைப்பெட்டிகளைக் குனிந்து கிளறிக்கொண்டு நின்றேன். இல்லாத உறையை! ஒலிபெருக்கியில் பத்திலிருந்து எண்ண ஆரம்பித்துவிட்டார்கள்.

அலறல். இரண்டாயிரம் பெண்கள் தத்தம் வீடுகளை நோக்கி ஓடினார்கள். புழுதி அடங்கியபோது நாற்காலிகளுக்கு நடுவில் அவள் ஒருத்திதான் உட்கார்ந்திருந்தாள். தனக்குப் பக்கத்து நாற்காலிக்கு அடியில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுடைய அம்மா அப்பா படியிறங்கி வந்தார்கள். அம்மா கையில் அந்தப் பலகை. என் மார்பில் குத்தியிருந்த பெயர் அட்டையைப் பார்த்துவிட்டு, வந்ததும் வராததுமாக என்னைக் கட்டிக்கொண்டார். நீதானா அந்தப் பெண், வாரம் பூராவும் உன் பேச்சுதான் என்றார். அப்பா தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார். "கவர் எங்கயாவது மாறிப் போச்சாம்மா? பொறுமையா தேடு. எங்களுக்கு அவசரமில்ல."

அவர்கள் நின்றார்கள். நானும் நின்றேன்.

மிஸ் ஆட்ரா தாளோடு வந்தார். டார்பியைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இந்தப் பொண்ணுகிட்ட காலைலயே சொல்லிட்டேன்னியே ஹாலிஸ்?"

"சொல்லிட்டேன் மேடம்."

நான்தான் சொன்னேன். அவள் முகத்துக்கு எதிரில். அவளைப் பெற்றவர்கள் முகத்துக்கு எதிரில்.

டார்பி என்னைப் பார்த்தாள். கோபமாக இல்லை. கணக்குப் போடுவதுபோல் பார்த்தாள். பிறகு அப்பாவிடம் திரும்பினாள். "ஆமாப்பா. காலைல சொன்னாங்க. உங்ககிட்ட சொல்ல வாய் வரல. அதான் வந்து உக்காந்துட்டேன்."

அம்மா பலகையை மெல்லத் திருப்பி, எழுத்து தன் உடம்பின் பக்கம் இருக்கும்படி பிடித்துக்கொண்டார். மகளிடம், "எங்கள எதுக்குடி அவ்ளோ தூரம் வரவெச்ச?" என்றார். மெதுவாகத்தான் கேட்டார்.

அப்பா என்னிடம் வந்தார். காது சிவந்திருந்தது. "மன்னிச்சுக்கம்மா. உனக்கு வேலை நேரத்துல எங்களால தொந்தரவு. நாங்க அவள இப்படி வளக்கல."

பரவாயில்ல சார் என்றேன்.

ஆகஸ்ட் 19, திங்கள்

வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டேன். வாசலெல்லாம் பலூன், புதுப் பெண்கள் எழுபது பேர். லாரலிடம் டார்பியைப் பற்றிக் கேட்டேன். யோசித்துத்தான் முகத்தை ஞாபகப்படுத்திக்கொண்டாள். "அவளப் பத்தி யாரும் தப்பா சொல்லலடி. யாரும் ஒண்ணுமே சொல்லல. அதான் பட்டியல்ல கீழ போயிட்டா."

சாப்பாட்டு மேஜையில் அதற்குள் கதை வந்துவிட்டது. இல்லையென்று சொல்லியும் அம்மா அப்பாவோடு மைதானத்துக்கு வந்து உட்கார்ந்த ஒருத்தியின் கதை. அவளுக்கு ‘நாற்காலி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. கேக்கை வாயில் வைத்துக்கொண்டு தலையை ஆட்டினேன். அதுவும் சிரிப்பில்தானே சேரும்?

ஆகஸ்ட் 20, செவ்வாய்

அம்மா போனில் கேட்டாள், வழிகாட்டி வேலை எப்படிப் போயிற்று என்று. நன்றாகப் போயிற்று என்றேன்.

ஆகஸ்ட் 22, வியாழன்

மிஸ் ஆட்ரா கூப்பிட்டனுப்பினார். பாராட்டத்தான். அடுத்த வருடம் எல்லா வழிகாட்டிகளுக்கும் நான்தான் தலைமையாம். பேச்சோடு பேச்சாக ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டினார். இதையும் படி, சில பெற்றோர் எவ்வளவு நல்லவர்கள் பார் என்றார்.

ராண்டல் ஹக்கபி எழுதியது. கோடு போட்ட தாள், பேனாவால், பள்ளிக்கூடப் பையன் எழுத்து. மகள் நடந்துகொண்ட விதத்துக்காக மன்னிப்புக் கேட்டிருந்தார். பொய் சொல்கிற பழக்கம் அவளுக்கு இதுவரை இருந்ததில்லை, எங்கே தவறினோம் என்று நானும் என் மனைவியும் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று இருந்தது. அந்த வழிகாட்டிப் பெண் எங்களிடம் மரியாதையாக நடந்துகொண்டாள், அவளுக்கு எங்கள் நன்றியைச் சொல்லுங்கள் என்று முடித்திருந்தார்.

இரண்டு முறை படித்தேன். மடித்துத் திருப்பிக் கொடுத்தேன். நன்றி மேடம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வெளியே வந்துவிட்டேனே, அதைத்தான் என்ன சொல்வது. கட்டடத்தை இரண்டு சுற்றுச் சுற்றினேன். சொல்லிவிடலாம் என்று திரும்பிப் போவதற்குள் மிஸ் ஆட்ரா கிளம்பிப் போய்விட்டார்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

மிஸ் ஆட்ராவிடம் சொல்லிவிட்டேன். சனிக்கிழமைச் சிரிப்பு, துண்டித்த அழைப்பு, ‘ஆமா’ என்ற செய்தி, குறி, எல்லாவற்றையும். முடித்த பிறகு, அந்த அப்பாவுக்கு யார் சொல்வது, நானா நீயா என்று மட்டும் கேட்டார். நான் என்றேன். வழிகாட்டிப் பட்டியலிலிருந்து என் பெயரை அடித்துவிட்டார். எங்கள் வீட்டுக்கும் எச்சரிக்கை போகும் என்றார்.

லாரலுக்கு மத்தியானமே தெரிந்துவிட்டது. ஒரு சிரிப்பைக்கூட உன்னால் அடக்க முடியவில்லை, வீட்டையே மாட்டிவிட்டாயே என்றாள். டார்பியைப் பற்றி அவள் கேட்கவே இல்லை.

சாயங்காலம் டார்பியின் விடுதிக்குப் போனேன். கதவை முழுசாகத் திறக்கவில்லை. மன்னிப்புக் கேட்டேன். கேட்டுக்கொண்டாள். பிறகு, எதற்காக என்னைக் காப்பாற்றினாய் என்று கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது.

"உங்களக் காப்பாத்தல. நான் ‘இல்ல’ன்னு சொல்லியிருந்தா அங்கயே நின்னு யார் சொன்னா, யார் சொல்லலன்னு பேசியிருப்பாங்க. எனக்கு காருக்குப் போகணும். அவ்ளோதான்."

‘ஆமா’ என்ற அந்தச் செய்தி இன்னும் போனில் இருக்கிறது என்றாள். காட்டியிருக்கலாம், காட்டப் பிடிக்கவில்லை. மகள் பொய் சொன்னாள் என்று தெரிவதைவிட, மகளை நீங்கள் எல்லோரும் எவ்வளவு லேசாக நினைத்தீர்கள் என்று தெரிவது அப்பாவுக்கு அதிகமாக வலிக்கும் என்று நினைத்தாளாம். "இப்ப தினமும் போன் பண்றார். கிளாஸுக்குப் போனியான்னு கேப்பார். போனேன்னு சொன்னா, நிஜமாவான்னு ரெண்டாந்தரம் கேக்கறார். முன்னாடியெல்லாம் ஒருதரம்தான் கேப்பார்."

அப்பாவின் எண்ணை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள்.

ஆகஸ்ட் 24, சனி

காலை பத்துக்குக் கூப்பிட்டேன். மணி அடிக்க விட்டேன். அவரே எடுத்தார். பின்னால் ஏதோ இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. நான் யார் என்று சொன்னதும் அதை நிறுத்தினார். எல்லாவற்றையும் சொன்னேன். எழுதிவைத்துக்கொண்டுதான் பேசினேன், நடுவில் ஓடிவிடக் கூடாதே என்று.

கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"அன்னிக்கு நான் உன்கிட்ட மன்னிப்பு கேட்டேன்" என்றார்.

"ஆமா சார்."

"பரவாயில்லன்னு சொன்ன."

"ஆமா சார்."

வைத்துவிட்டார்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

டார்பியின் அம்மா அப்பா இருவரும் நேற்று மத்தியானமே இரண்டு மணி நேரம் ஓட்டி வந்து, டார்பியைப் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் திரும்பிப் போனார்களாம். விடுதியில் அவள் தளத்தில் இருக்கும் ஒரு பெண் இன்று நூலகத்தில் பார்த்தபோது சொன்னாள். அப்பா விடுதி வாசலிலேயே அவளைக் கட்டிக்கொண்டு நின்றாராம். எவ்வளவு நேரம் என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

செப்டம்பர் 11, புதன்

டார்பி எழுதாமல் விட்ட அந்த இன்னொரு வீடு, ஒரு இடம் காலியாக இருக்கிறது, வருகிறாயா என்று அவளைக் கேட்டதாம். வேண்டாம் என்றுவிட்டாளாம். எங்கள் வீட்டில் சிலர் அதை நம்பவில்லை.

செப்டம்பர் 20, வெள்ளி

மேஜையில் எனக்குப் பக்கத்து நாற்காலி இப்போதெல்லாம் கடைசியாகத்தான் நிரம்புகிறது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. அம்மாவும் படிக்கும்போது இதே சங்க வீட்டில் இருந்தவள். அவளுடைய வருடத்துப் படம் மாடிப்படியில் மாட்டியிருக்கிறது. தினமும் அதைத் தாண்டித்தான் கீழே இறங்குகிறேன். எப்படி ஆரம்பிப்பது?

அக்டோபர் 5, சனி

குடும்பங்கள் வருகிற வாரம். பதினொரு மணிக்கு அம்மாவும் அப்பாவும் வந்தார்கள். பல்கலைக்கழகக் கால்பந்தாட்டப் பந்தயம் மூன்றரைக்கு. அதுவரை எல்லாக் குடும்பங்களும் புல்வெளியில் கூடாரம் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும். கூட்டத்தில் நடந்து போகும்போது டார்பியைப் பார்த்தேன். அவள் தளத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர், அவர்கள் வீட்டு ஆட்கள், எல்லோருமாக ஒரு நீலக் கூடாரத்துக்குக் கீழே. அவள் எதற்கோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். நான் வேறு பக்கம் போகலாம் என்று அம்மாவின் கையைத் தொட்டேன்.

அதற்குள் ராண்டல் பார்த்துவிட்டார். அடுப்பின் பக்கத்தில் நின்றவர், ஒரு நொடி தயங்கினார். பிறகு இடுக்கியை வைத்துவிட்டு வந்தார். அம்மாவுக்கு எதிரில் தொப்பியைக் கழற்றி, அப்பாவின் கையைக் குலுக்கி, தன் பெயரைச் சொன்னார். என் பக்கம் கை நீட்டவில்லை. டான்யா கூடாரத்துக்குள்ளேயே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். வரவில்லை.

எங்கள் ஹாலிஸை உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அம்மா கேட்டாள்.

"ஆகஸ்ட் மாசம் எங்க வீட்டுக்குப் போன் பண்ணினா" என்றார் அவர்.

அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. இவள் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், யாரையும் விசாரிக்காமல் இருக்க மாட்டாள் என்றாள். என் தோளில் கை போட்டுக்கொண்டாள். என்ன விஷயமாகக் கூப்பிட்டாள் என்று சிரித்துக்கொண்டே கேட்டாள்.

ராண்டல் என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் மிரட்டல் இல்லை, இரக்கமும் இல்லை. "அத அவளே சொல்லட்டும் மேடம்" என்றார். தொப்பியைக் கையிலேயே வைத்துக்கொண்டு, போகாமல் நின்றார்.

டார்பி சிரிப்பை நிறுத்தியிருந்தாள். அம்மாவின் கை இன்னும் என் தோளில்தான் இருந்தது.

"அம்மா," என்றேன், "நான் ஒரு பொண்ணுகிட்ட காலைல ஒரு விஷயம் சொல்லியிருக்கணும்."

பாதியில் அம்மா கையை எடுத்துவிட்டாள். முடிக்கும்வரை சொன்னேன்.